மச்சான் பிடித்த கேபிள்

இதை எழுதினால் கடைக்கு வருகிற நாலு பேரும் வரமாட்டார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். வராவிட்டால் போகட்டும். மில்லர்புரத்தில் ஜெராக்ஸ் கடைக்கா பஞ்சம்? நடந்ததை நடக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. என் கண்ணால் பார்த்தேன். இந்தக் கையால் தொட்டேன். அந்தப் படம் இன்றைக்கும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. நம்பாதவர்கள் நேரில் வாருங்கள், திறந்து காட்டுகிறேன். ஒன்று மட்டும்... நீங்கள் பார்த்து முடிக்கும்வரை நான் கடைக்கு வெளியே நிற்பேன்.

என் பெயர் சண்முகப்ரியா. ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன், ஃப்ளெக்ஸ் டிசைன். காதுகுத்து முதல் கண்ணீர் அஞ்சலி வரைக்கும் மனிதருக்கு நடக்கிற எல்லாவற்றுக்கும் பேனர் போட்டுக் கொடுக்கிறேன். செத்தவர்களின் முகத்தைப் பெரிதாக்கி, கன்னத்துப் பருவை அழித்து, பின்னால் மேகம் வைத்து, மேலே இரண்டு புறா பறக்கவிடுகிறவள் நான். எனக்கா பேய் பயம்? யாராவது பேய்க் கதையை ஆரம்பித்தாலே சிரித்துவிடுவேன். அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

2022 நவம்பர். காலையிலிருந்து மழை. ஈரத்தில் என் ஜெராக்ஸ் மிஷின் மதியமே படுத்துவிட்டது. ஸ்கேன் செய்வதும் அதில்தான் என்பதால் அதுவும் போச்சு. ஷட்டரை இறக்கிவிட்டுப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் நனைந்துகொண்டு உள்ளே வந்தார்கள். மணி ஆறேகால்.

ஒருத்தி ஜெபிஷா. திரேஸ்புரத்துப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. இன்னொருவர் அவள் அண்ணன் ஜாக்சன். கனத்த உடம்பு, கழுத்தில் சிலுவை போட்ட செயின், கையில் பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டே பேசுகிற பழக்கம். ஜெபிஷா முந்தானைக்குள் வைத்திருந்த கவரைப் பிரித்து ஒரு போட்டோவை எடுத்து மேசையில் வைத்தாள்.

"யக்கா, நாளைக்கு இவுகளுக்கு வருசப் பூசை. பேனர் வைக்கணும். இந்த ஒரு போட்டோதான் இருக்கு."

லேமினேஷன் செய்த போட்டோ. ஒரு படகின் பக்கத்தில் ஒரு மனிதர் நிற்கிறார். கட்டம் போட்ட நீலச் சட்டை. இடது பக்கம் பாக்கெட். வலது கையை விரித்துப் படகு விளிம்பில் வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். அவர்தான் ஜெபிஷாவின் கணவர் பெர்க்மான்ஸ். சங்கு குளிக்கிறவர். போன வருடம் கடலுக்கு அடியில் இறங்கியவர் ஏறி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

"செல்லுல எடுத்த படமெல்லாம் அவுக செல்லோட போயிட்டு. கல்லறையும் கெடையாது. கும்புடுறதுக்கு மூஞ்சியாவது வேணும்லாக்கா" என்றாள்.

"பெருசா அடிங்க மேடம்" என்றார் ஜாக்சன். "அடியில இப்படிக்குன்னு போட்டு என் பேரு வரணும். நான்தான் அவனுக்குக் கயிறு பிடிச்சவன்."

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சங்கு குளிக்கிறவர் இடுப்பில் ஈயம் கட்டிக்கொண்டு கீழே இறங்குவார். படகில் இருக்கும் கம்ப்ரசரிலிருந்து ஒரு டியூப் வழியாக அவருக்குக் காற்று போகும். இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். அதன் மறுமுனை படகில் இருக்கிறவர் கையில். கீழே இருக்கிறவர் கயிற்றைச் சுண்டி இழுத்தால் உடனே மேலே தூக்க வேண்டும். அந்தக் கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் கூட்டிப் போவார்கள். அதாவது பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோ. கூடப் பிறந்தவன்கூடப் பங்காளிச் சண்டையில் கையை விட்டுவிடலாம். மச்சான் விடமாட்டான். விட்டால் தாலி அறுவது அவன் தங்கச்சிக்கு.

"அப்புறம் எப்படிண்ணே?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் முந்திக்கொள்ளும்.

"பாறையில ஒரசி கயிறு அறுந்திட்டு. என்ன செய்ய? அன்னைக்கு டிரைவருக்குக் காச்சல். படகுல நானும் அவனும் மட்டுந்தான்." சாவி சுழன்றது.

ஜெபிஷா மெதுவாக, "அண்ணே, நாளைக்கே கிளாட்வினக் கூட்டிட்டுப் போணுமா?" என்றாள்.

கிளாட்வின், பெர்க்மான்ஸின் தம்பி. மாமியார் இறந்த பிறகு ஜெபிஷாதான் அவனுக்குச் சோறு போட்டு ஆளாக்கினாள். இதுவரை கடலுக்கு அடியில் இறங்காதவன். நாளைக்குப் பூசை முடிந்ததும் முதல் தடவையாக இறங்கப் போகிறான். அவனுக்கும் கயிறு பிடிக்கப் போவது ஜாக்சன்தான்.

"வருசம் முடிஞ்சிட்டுல்லா. பொறவு என்ன? அவனும் எப்பப் பாத்தாலும் கயிறு எப்படி அறுந்துச்சி, எந்தப் பாறைன்னு நச்சரிச்சிக்கிட்டே இருக்கான். கீழ எறங்கிப் பாத்தா தெரிஞ்சிரும்." ஜாக்சன் சிரித்தார். ஜெபிஷா சிரிக்கவில்லை. அவள் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அச்சகம் ஒன்பது மணிக்கு மூடிவிடும். அதற்குள் ஃபைலை அனுப்ப வேண்டும். செல்போனில் போட்டோவைப் போட்டோ எடுத்தால் லேமினேஷனில் லைட் பட்டு முகம் வெள்ளையடிக்கிறது. எட்டடி பேனருக்கு அது தாங்காது. வேறு வழியில்லாமல் பரண் மேலே கிடந்த பழைய ஸ்கேனரை இறக்கினேன். எந்தக் காலத்திலோ மூடிப்போன ஓர் ஆபீஸின் சாமான்களோடு மொத்தமாக வாங்கியது. கண்ணாடி போட்ட பெட்டி, மூடி மஞ்சளாகிவிட்டது, கனமோ கனம்.

அதை வேலை செய்ய வைத்த கதையே தனி. என் கம்ப்யூட்டரில் விண்டோஸ் கிடையாது. ஊரில் உள்ள பென் டிரைவ் எல்லாம் என் கடைக்குத்தான் வரும், அதோடு வைரஸும் வரும். ஃபார்மேட் போட்டுப் போட்டு வெறுத்துப்போய் லினக்ஸுக்கு மாறினேன். விண்டோஸ் இருந்திருந்தாலும் இந்தக் கிழட்டு ஸ்கேனருக்குக் கம்பெனிக்காரனே டிரைவர் சாஃப்ட்வேர் கொடுப்பதை நிறுத்திவிட்டான். லினக்ஸில் அப்படி இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் எங்கேயோ உட்கார்ந்து இதற்கும் எழுதி வைத்திருப்பான்.

ஸ்கேனரைத் தேடச் சொல்லிக் கமாண்ட் கொடுத்தேன். ஒரு ஸ்கேனரும் இல்லை என்று பதில் வந்தது. கண் முன்னால் மேசையில் ஒரு மூட்டை கனத்துக்கு உட்கார்ந்திருக்கிறது, இல்லையாம். இன்னொரு கமாண்டில் தேடினால் யூ.எஸ்.பி.யில் ஏதோ இருக்கிறது, ஆனால் பேசவில்லை என்றது. இந்த மாடல் ஒவ்வொரு முறை உயிர் வரும்போதும் கம்ப்யூட்டர் அதற்கு ஒரு சின்ன ஃபைலை ஊட்ட வேண்டும் என்று நெட்டில் போட்டிருந்தது. பெட்டிக்குள் பழைய சி.டி. இருந்தது, அதிலிருந்து அந்த ஃபைலை உருவி, சொன்ன ஃபோல்டரில் வைத்தேன். அப்போதும் அசையவில்லை. கடைசியில் பார்த்தால் ஃபைலின் பெயர் சி.டி.யில் கேப்பிட்டல் எழுத்தில் இருக்கிறது. லினக்ஸுக்கு அதெல்லாம் பெரிய விஷயம், முறைத்துக்கொள்ளும். பெயரைச் சின்ன எழுத்தாக மாற்றினேன்.

க்ர்ர்ர்ர்... டக்.

கண்ணாடிக்கு அடியில் வெள்ளை வெளிச்சம் பிடித்தது. மணி 7:02. நான் மேசையைத் தட்டிவிட்டேன், அவ்வளவு சந்தோஷம். ஜாக்சன், "இதுக்கா இம்புட்டு நேரம்?" என்றார். வந்த கோபத்துக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். ஜெபிஷா முகத்துக்காக விட்டேன்.

போட்டோவைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தேன். லேமினேஷன் வளைந்திருந்ததால் மூடியை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். ஜெபிஷா இரண்டு கையையும் மூடிமேல் வைத்துக்கொண்டாள். ஸ்கேன் கொடுத்தேன். அந்த மாதிரிப் பழைய ஸ்கேனரில் படம் முழுதாக வராது. மேலிருந்து ஒவ்வொரு கோடாக இறங்கும். முதலில் வானம் வந்தது. அப்புறம் தலைமுடி, நெற்றி, கண்...

பாதியில் நின்றது.

யூ.எஸ்.பி. கழன்றது என்று ஸ்கிரீனில் ஒரு வரி. உடனே சேர்ந்தது என்று ஒரு வரி. மறுபடி கழன்றது, சேர்ந்தது. குனிந்து பார்த்தேன். மேசைக்குக் கீழே இருந்த சி.பி.யு.வின் பின்பக்க ஓட்டை தளர்ந்து, கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது. நான் கீபோர்டை விட முடியாது. ஜெபிஷா மூடியை விட முடியாது.

"அண்ணே, கீழ உக்காந்து இந்தக் கேபிளக் கொஞ்சம் அமுத்திப் பிடிச்சிக்கிடுங்க. படம் முழுசா வார வரைக்கும் விட்றாதிய."

அவ்வளவுதான் நான் சொன்னது. சத்தியமாக வேறு எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. ஜாக்சன் முனகிக்கொண்டே குத்தவைத்து, சி.பி.யு.வுக்குப் பின்னால் கையை விட்டுக் கேபிளைப் பிடித்தார்.

இரண்டாவது ஸ்கேன். மணி 7:11. க்ர்ர்ர்... கோடு கோடாக இறங்கியது. இந்த முறை நிற்கவில்லை. வானம், தலை, கண், சிரிப்பு, சட்டை. சட்டைக்குக் கீழே நிறம் கொஞ்சம் பச்சையடித்தது. பழைய லைட், நிறம் மாறும், திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கீழேயிருந்து ஜாக்சன் சொன்னார். "மேடம், கேபிள இழுக்காதிய."

"நான் எங்க இழுத்தேன்?"

"இழுத்தியளே. இப்பக்கூட."

நான் ஜெபிஷாவைப் பார்த்தேன். அவள் இரண்டு கையும் மூடிமேல்தான் இருந்தன. அதற்குள் படம் கை வரைக்கும் இறங்கியிருந்தது. படகு விளிம்பில் விரித்து வைத்த அந்த வலது கை... விரிந்திருக்கவில்லை. எதையோ பிடித்திருந்தது. வெள்ளையாக, உள்ளங்கை நிறைய.

பெரிதாக்கினேன். சங்கு.

மூடியைத் திறந்து போட்டோவை எடுத்துப் பார்த்தேன். போட்டோவில் கை காலியாகத்தான் இருக்கிறது. ஸ்கிரீனில் சங்கு இருக்கிறது.

ஜெபிஷா என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். சங்கு குளிக்கிறவன் பெண்டாட்டி. அவளுக்கு ஒரு பார்வை போதும். ஊரில் கிடைக்கிற சங்கெல்லாம் ஒரு பக்கம் சுற்றியிருக்கும். ஆயிரத்தில் ஒன்று, லட்சத்தில் ஒன்று எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கும். அது ஒன்று கிடைத்தால் குடும்பம் கரையேறிவிடும் என்பார்கள்.

"வலம்புரில்லா இது?" என்றாள்.



படம் இடம் வலமாகத் திரும்பியிருக்கும், அதனால் சாதாரணச் சங்கு வலம்புரி மாதிரி தெரிகிறது என்று நான் சொல்லப் பார்த்தேன். யாருக்குத் தைரியம் சொன்னேனோ தெரியாது. சட்டைப் பாக்கெட்டைப் பார்த்தேன். அது இடது பக்கம்தான் இருந்தது. படம் திரும்பவில்லை.

ஜாக்சன் எழுந்துவிட்டார். முகம் வேர்த்திருந்தது. "மிசினு கெட்டுப்போச்சி. கெளம்பு. வேற எங்கியாச்சும் பாத்துக்கிடலாம். ஏளா, வா."

"இன்னொருக்க எடுங்க யக்கா" என்றாள் ஜெபிஷா.

"வான்னு சொல்லுதேன்ல?"

"பிடிண்ணே." அவள் குரல் உயரவில்லை. "கயிறு பிடிச்ச கைதான. கேபிளப் பிடிக்க என்ன பயம்?"

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அப்போதே வெளியே போயிருக்கலாம். போனால் என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். உட்கார்ந்து கேபிளைப் பிடித்தார்.

போட்டோவை மறுபடி கவிழ்த்து வைக்க, ஜெபிஷா மூடியை அழுத்திக்கொண்டாள். மூன்றாவது ஸ்கேன். 7:19.

க்ர்ர்ர்ர்ர்...

இந்த முறை வானம் வரவில்லை. மேலேயே பச்சை. கரும்பச்சை. அதில் தலைமுடி வந்தது. முடி படிந்திருக்கவில்லை. மேல்நோக்கி விரிந்து மிதந்தது.

நெற்றி வந்தது.

கண் வந்தது... கேமராவைப் பார்க்கவில்லை. கீழே, வலது பக்கம் பார்த்தது. ஜாக்சன் உட்கார்ந்திருந்த பக்கம்.

"யாரு இழுக்கா?" என்று கத்தினார் ஜாக்சன்.

கேபிள் விறைத்திருந்தது. என் கண்ணால் பார்த்தேன். டக்... டக்... டக்... யாரோ சுண்டிச் சுண்டி இழுத்தார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் அவர் தோள் மேசைக்காலில் இடித்தது.

"விட்ருங்கண்ணே!" என்றேன்.

"விட முடியல... கை விடமாட்டேங்கு..."

ஸ்கேனர் பக்கம் கேபிளைப் பிடுங்கிவிடலாம் என்று அதன் பின்னால் கையை விட்டேன். தடவினேன்.

ஓட்டை காலியாக இருந்தது.

கேபிள் ஸ்கேனரில் இல்லை. படம் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. மேலே ஏற வேண்டிய கேபிள், சுவருக்கும் மேசைக்கும் நடுவில் இருந்த இருட்டுக்குள் கீழ்நோக்கிப் போயிருந்தது. அங்கே சிமெண்ட் தரைதான் இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

டக்... டக்...

"ஏளா ஜெபிஷா! கையப் பிடி! இழுக்கான்!"

அவள் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "யாருண்ணே இழுக்கா?"

"மச்சான்..."

"அன்னைக்கி என்ன நடந்திச்சி?"

"கயிறு... பாறையில அறு..."

டக்! அவர் நெற்றி மேசையில் மோதியது.

"அறுந்து போவல! நான்தான் அறுத்தேன்!"

மழைச் சத்தம். மோட்டார் சத்தம்.

"சங்குப் பை மொதல்ல மேல வந்திச்சி... உள்ள வலம்புரி... அவனத் தூக்கினா பங்கு கேப்பான்... கம்ப்ரசர அமத்திட்டேன்..."

"அவுக கயித்த இழுத்தாவளா?"

"இழுத்தான்..."

"எம்புட்டு நேரம்?"

"கை ஓயுற வரைக்கும்... ஏளா, என்ன விடச் சொல்லு..."

"கிளாட்வின எதுக்கு எறக்கப் பாத்த?"

அவர் ஓவென்று கத்தினார். முழங்கை வரைக்கும் கை அந்த இருட்டுக்குள் போயிருந்தது.

நான் கத்தரிக்கோலை எடுத்தேன். ஃப்ளெக்ஸ் வெட்டுகிற பெரிய கத்தரி. ஜெபிஷா என்னைப் பார்த்த பார்வையில், வெட்டாதே என்று இருந்தது. இன்றைக்கும் சொல்கிறேன், இருந்தது. ஆனால் என் கடையில் ஓர் உயிர் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவர் கைக்கு அந்தப் பக்கம் கேபிளை வெட்டினேன்.

டக் என்று ஸ்கேனர் லைட் அணைந்தது. மோட்டார் நின்றது.

ஜாக்சன் பின்னால் விழுந்தார். விழுந்தவர் எழுந்து, மழைக்குள் ஓடினார். பைக்கை எடுக்கவில்லை. வலது கை முட்டியாக மூடியிருந்தது. அதற்குள் கேபிளின் ஒரு துண்டு.

மிச்சக் கேபிளை டார்ச் அடித்துத் தேடினேன். இல்லை. சுவரோரம் தரை நனைந்திருந்தது. மழைத் தண்ணீர் ஒழுகியிருக்கும் என்று விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஜெபிஷா உட்காரவில்லை. அழவும் இல்லை. போட்டோவை எடுத்துத் துடைத்துக் கவரில் போட்டாள். முதலில் கிளாட்வினுக்குப் போன் போட்டு, "நாளைக்குக் கடலுக்குப் போவாத. வீட்டு வாசலத் தாண்டாத. நான் வந்து சொல்லுதேன்" என்றாள். அப்புறம் ஸ்கிரீனைக் காட்டினாள்.

"யக்கா, ரெண்டாவது எடுத்தியள்லா, அந்தப் படத்தப் பேனர்ல போடுங்க."

"சங்கு இருக்கே ஜெபிஷா. அழிச்சிரவா?"

"அழிக்காதிய. அடியில எழுதிக்கிடுங்க. இப்படிக்கு, கயிறு பிடித்த மச்சான் ஜாக்சன். பேரு பெருசா வரட்டும். அவன் கேட்டதுதான."

அப்படியே டைப் அடித்தேன். எட்டரைக்கு ஃபைலை அனுப்பினேன். மறுநாள் காலையில் பூசைக்குப் போன சனம் எல்லாம் அதைப் பார்த்தது. ஜெபிஷா அதை ஜாக்சன் வீட்டுக்கு நேர் எதிரே கட்டியிருந்தாளாம். கையில் வலம்புரியோடு பெர்க்மான்ஸ் சிரிக்கிறார், அடியில் இவர் பெயர். கடற்கரைக்காரர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முந்தின மாசம்தான் ஜாக்சன் புதுப் படகு இறக்கியிருந்தார். அது எப்படி வந்தது என்று ஊர் பேச ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அவர் படகில் ஏற ஓர் ஆளும் வரவில்லை. கிளாட்வின் கடலுக்கே போகவில்லை. இப்போது துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறான்.

போலீசில் ஜாக்சன் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டேன். உடலும் இல்லை, சங்கும் இல்லை. கம்ப்யூட்டர் படத்தை யார் நம்புவார்கள்? ஆனால் அந்தக் கை திறக்கவில்லை. ஊசி போட்டுப் பார்த்தார்கள், மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், விரல் பிரியவே இல்லை. கொஞ்ச நாளில் வலது பக்கமே விழுந்து, கட்டிலோடு கிடையாகிவிட்டார். அவர் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். ஜெபிஷாதான் அண்ணனைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். என்ன மனசு என்று ஊரே சொன்னது. நானும்தான் சொன்னேன்.

அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை. ஸ்கேனரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். அந்தப் படத்தை அழிக்க மட்டும் மனம் வரவில்லை. பயம்தான், வேறென்ன.

போன மார்ச்சில் பேப்பரில் ஒரு சின்னச் செய்தி. திரேஸ்புரத்தில் படுக்கையில் கிடந்தவரைக் காணவில்லை. அவருடைய கட்டில் மட்டும் விடியற்காலையில் கடலோரம், அலை நனைக்கிற இடத்தில் கிடந்தது. வீட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் மணலில் கட்டில் கால் இழுபட்ட தடம். கட்டிலை யாராவது தள்ளிக்கொண்டு போயிருந்தால் காலடி இருக்க வேண்டும். ஒரு காலடிகூட இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஜெபிஷா கடைக்கு வந்தாள். ஆதார் ஜெராக்ஸ் எடுக்க. முகம் தெளிந்திருந்தது. எனக்குத்தான் வாய் நிற்காதே, அண்ணனைப் பற்றிக் கேட்டுவிட்டேன்.

"தெனமும் நடந்ததுதான் யக்கா" என்றாள். "காலையில முழிச்சிப் பாத்தா கட்டிலு கெழக்காம தள்ளிக் கெடக்கும். கடலப் பாத்து. கிளாட்வின் திருப்பிப் போடுவான். மறுநா மறுபடி அங்கன கெடக்கும். தரையெல்லாம் கீறல். பொறவு கதவு வரைக்கும் வந்திட்டு."

"கதவு பூட்டியிருக்கும்லா?"

"தெனமும் நான்தான் தாப்பாப் போடுவேன்."

ஜெராக்ஸ் மிஷின் ஓடி முடிந்தது. அவள் பேப்பரை எடுத்து மடித்தாள். போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"அன்னைக்கும் போட்டிருந்தேன் யக்கா. ராத்திரி கட்டிலு வந்து கதவுல முட்டுச்சி. அண்ணன் முழிச்சித்தான் கெடந்தான். 'ஏளா, தொறந்துராத'ன்னு அழுதான்."

"நீ என்ன செஞ்ச?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"எந்திரிச்சிப் போயித் தொறந்துவிட்டேன். அவுக எத்தன நாளைக்குத்தான் வாசல்லயே நிப்பாவ?"